நீரின் நடையும் நரம்பின் நெறியும்



சேதுபதி மரபில் தோன்றிய பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிப் புலவர்களையும் ஏடுகளையும் ஒருங்கு சேர்த்த காலந்தொட்டு, இந்த இராமநாதபுரச் சீமையில் அறிஞர் அவை கூடினால், எடுத்துக்கொண்ட விஷயம் எத்துணைக் கடினமானதாயினும் அதனைத் தமிழில் தெளிவுறச் சொல்லிவிட வேண்டும் என்ற நியதி ஒன்று இருந்து வருகிறது. அந்த நியதிக்குக் கட்டுப்பட்டு, மனித மூளையின் வெண்பொருளை எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஒத்ததிர்வுப் படமுறையால் ஆராய்கிற சாஸ்திரத்தைப் பற்றி இன்று பேச முற்படுகிறேன். நரம்பியல் மருத்துவனாக நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதல்லாமல் இதனைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தக் கடற்கரையில் இரு சாரார் இருக்கிறார்கள்: கடலில் மூழ்கிச் சங்கெடுத்துப் பிழைப்போர் ஒரு சாரார், சித்தம் கலங்கிய தம் உறவினரை எங்கிருந்தெல்லாமோ ஏர்வாடி தர்காவுக்கு அழைத்து வருவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருடைய துன்பத்தோடும் வெண்பொருளுக்கு நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

மூளையைக் குறுக்காக அறுத்துப் பார்த்தால், புறத்தே சாம்பல் நிறப் பட்டை ஒன்றும் அகத்தே வெண்மையான பெருந்திரள் ஒன்றும் தென்படும். 1543-இல் வெளிவந்த வெசேலியஸின் உடற்கூற்று நூலிலேயே இந்தப் பாகுபாடு சித்திரிக்கப்பட்டிருக்கிறது. சாம்பல் பட்டையில் நரம்பணுக்களின் உடல்கள் இருக்கின்றன. வெண்திரளில் இருப்பவை அவ்வணுக்களிலிருந்து புறப்பட்டு வேறு அணுக்களைச் சென்று சேரும் நார்கள். அந்நார்களிற் பலவற்றை மயலின் என்னும் கொழுப்புறை பல அடுக்காகச் சுற்றியிருக்கிறது. வெண்பொருளின் வெண்மை அந்தக் கொழுப்பினால் ஆயது. 1854-இல் அவ்வுறைக்கு மயலின் என்று பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் விர்ஷோ. உறையற்ற மெல்லிய நாரில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து செல்லும் செய்தி, தடித்த உறையுள்ள நாரில் அதனினும் பத்துக்கணக்கான மடங்கு வேகத்தில் பாய்கிறது. டென்மார்க்கு ஆராய்ச்சியாளர் 2003-இல் வெளியிட்ட கணக்கின்படி, 20 வயது ஆணொருவரின் மூளையிலுள்ள உறையிட்ட நார்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் அவற்றின் நீளம் ஏறத்தாழ 1,76,000 கிலோமீட்டர். பெண்ணின் மூளையில் 1,49,000. எண்பது வயதை எட்டும்போது இவை முறையே 97,200-ஆகவும் 82,000-ஆகவும் குறைந்துவிடுகின்றன. முதுமையின் தளர்ச்சி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இந்த நார்களின் தேய்வுக்குக் கணிசமான பங்குண்டு.

இத்தனை பெரிய அமைப்பை அறிஞர் உலகம் நெடுங்காலம் வெறும் கட்டுக்கயிறாகவே மதித்து வந்தது. விதிவிலக்காக, 1665-இல் பாரிஸ் நகரில் ஸ்டெனோ என்னும் டேனிய அறிஞர் மூளையைப் பற்றி ஆற்றிய ஒரு சொற்பொழிவில், வெண்பொருளின் நார்களை அவை செல்லும் வழியே தொடர்ந்து சென்று, எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று காண்பதே மெய்யான முறை என்றும், ஆனால் அது செய்தற்கு மிக அரியது என்றும் எடுத்துரைத்தார். அந்த அருமை பொய்யன்று. இருநூற்றெழுபது ஆண்டுகள் கழித்து, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோசெஃப் கிளிங்லர் என்பவர், ஃபார்மலினில் ஊறவைத்த மூளையை உறையச் செய்து, நார்களுக்கிடையே பனிப்படிகங்கள் வளர்ந்து அவற்றைச் சற்றே பிரித்துவிட்ட பின்னர், மழுங்கிய கருவியால் அடுக்கடுக்காக உரித்து, பெரிய நார்க்கற்றைகளைக் கண்ணுக்கும் கைக்கும் வசமாக்கினார். அவர் கண்டது பிரத்தியட்சம். ஆனால் இறந்தவர் மூளையில் மட்டுமே கூடிய பிரத்தியட்சம். பேசுகிற, நினைக்கிற, நோயுறுகிற மூளையில் அந்தக் கற்றைகளைக் காண வழியின்றியே இருந்தது.

வழியைக் காட்டியது நீர். நம் மூளையில் நிறைந்திருக்கும் நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவற்றின் உட்கருக்கள் காந்தத் தன்மை உடையவை. இராமநாதபுரத்தில் நாம் நிற்கும் இடத்தில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. இன்று பெரிய மருத்துவமனைகளில் வழங்கும் 3 டெஸ்லா இயந்திரத்தின் புலம் அதனைப் போல் சுமார் 75,000 மடங்கு. அந்தப் புலத்துக்குள் மனிதரைக் கிடத்தினால், அவருடைய ஹைட்ரஜன் உட்கருக்கள் விநாடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 77 லட்சம் முறை சுழன்றாடுகின்றன; அதே அதிர்வெண்ணுள்ள வானொலி அலையை ஊட்டினால் அதனை ஏற்றுத் திருப்பித் தருகின்றன. 1973-இல் லாட்டர்பர், புலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்வாக அமைத்து, எந்த அலை எந்த இடத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிந்து படமாக்கிக் காட்டினார்; அதற்காகவும், மான்ஸ்ஃபீல்டு செய்த கணிதப் பணிக்காகவும் இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, நாரைக் காணும் உபாயத்தைச் சொல்கிறேன். சாய்வான காந்தத் துடிப்பு ஒன்றைச் செலுத்தினால், ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தான் நிற்கும் இடத்துக்கேற்ற ஓர் அடையாளத்தைப் பெறுகிறது. சில கணங்கள் கழித்து அதற்கு மாறான துடிப்பு ஒன்றைச் செலுத்தினால் அந்த அடையாளம் அழிகிறது; ஆனால் இடம் பெயராமல் நின்ற மூலக்கூறுக்கு மட்டுமே அது முழுமையாக அழியும். இடையில் நகர்ந்துவிட்டவற்றால் திரும்பி வரும் அலை மங்குகிறது. மங்கிய அளவைக் கொண்டு நகர்ந்த தூரத்தைக் கணித்துவிடலாம். 1965-இல் ஸ்டேஸ்கலும் டானரும் இந்த அளவீட்டை வகுத்தார்கள். மூளைக்குள் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நீர் மூலக்கூறு நகரும் தூரம் ஏறத்தாழ 15 மைக்ரான். நார் செல்லும் திக்கில் அது தடையின்றி நகர்கிறது. குறுக்கே நகர முயன்றால் சவ்வும் கொழுப்புறையும் மறிக்கின்றன. ஆகவே, பல திக்குகளிலும் அளந்து பார்த்து, எந்தத் திக்கில் நீர் மிக எளிதாக நகர்கிறதோ அந்தத் திக்கிலேயே நார் செல்கிறது என்று முடிவு கட்டுகிறோம்.

இந்தக் கரையில் வாழ்வோருக்கு இவ்வித அனுமானம் புதிதன்று. வாடைக் காலத்தில் பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடாவை நோக்கிப் பாம்பன் வழியே ஓடுகிற நீவாடு என்னும் நீரோட்டம், சோழகக் காலத்தில் திரும்பி ஓடுகிறது. நீர் கலங்கி அடித்தரை தெரியாத நாளிலும், நீவாடு எங்கே இழுக்கிறது, எங்கே மட்டுப்படுகிறது என்பதைக் கொண்டே, கீழே இருப்பது பாரா சேறா என்று அனுபவமுள்ள மீனவர் சொல்லிவிடுகிறார். அவர் காண்பது நீரை, அறிவது நிலத்தை. நாமும் நீரை அளந்து நாரை அறிகிறோம். ஆனால் ஒரு முக்கியமான வேற்றுமையை மறக்கலாகாது. நீவாட்டுக்குப் போகும் திசையென்று ஒன்று உண்டு; மூளையின் நீரோ ஓடுவதில்லை, வெப்பத்தால் முன்னும் பின்னும் அலைகிறது. ஆதலால் நாரின் கிடை நமக்குத் தெரியும்; அதன் வழியே செய்தி எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்பது இந்த முறையால் ஒருநாளும் தெரியாது.

1980-களின் நடுவில் பிரான்சில் லெ பிஹான் இந்த அளவீட்டை உயிருள்ள மூளையில் செய்து காட்டினார். 1990-இல் மோஸ்லியும் உடனுழைத்தோரும், இரத்த ஓட்டம் தடைப்பட்ட மூளைப் பகுதியில் நீரின் அலைவு விரைவிலேயே குறைந்துவிடுவதைப் பூனைகளிடம் கண்டார்கள்; பக்கவாதத்தை அதன் தொடக்க வேளையிலேயே படத்தில் இனங்காணும் இன்றைய வழக்கம் அதிலிருந்து பிறந்தது. இரத்த உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதையும், ராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, இத்தகைய இயந்திரமும் அதனைப் படிக்கத் தெரிந்த கண்ணும் அருகிலேயே இருக்க வேண்டியதன் அவசியத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1994-இல் பாஸர், மட்டியல்லோ, லெ பிஹான் மூவரும் பல திக்கு அளவுகளை டென்ஸர் என்னும் ஒரே கணித உருவில் அடக்கினார்கள். 1999-இல் மோரியும் பிறரும் அந்தத் திக்குகளை ஒன்றோடொன்று கோத்து, நார்க்கற்றைகளின் பாதையையே வரையத் தொடங்கினார்கள்.

அவ்வாறு ஆக்கிய படம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பாருங்கள். இடம் வலமாகச் செல்லும் நார்களுக்குச் சிவப்பு, முன் பின்னாகச் செல்பவற்றுக்குப் பச்சை, மேல் கீழாகச் செல்பவற்றுக்கு நீலம் என்பது உலகெங்கும் ஏற்ற மரபு. நடுவில் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் மெய்யிணைப்புப் பாலம், ஏறத்தாழ 20 கோடி நார்களைக் கொண்டது, செக்கச் சிவந்து வளைந்து நிற்கும். அதன் இரு மருங்கிலும், கையையும் காலையும் இயக்கும் ஆணைகளைத் தண்டுவடத்துக்குக் கொண்டு செல்லும் நார்கள் நீலமாக இறங்கும். பக்கத்தே, பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியையும் பேச்சை உண்டாக்கும் பகுதியையும் சேர்க்கும் வில்வடிவக் கற்றை பச்சையாக முன்னோக்கி வளையும். முதன்முதல் இதைக் காண்பவர் எவரும் மூளையின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டதாகவே எண்ணுவர். அவ்வெண்ணமே இந்த சாஸ்திரத்தின் மிகப் பெரிய அபாயம்.

ஏனெனில், படத்தின் ஒவ்வொரு சிறு கட்டமும் இரண்டு மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம். நார் ஒன்றின் தடிமனோ பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவு. ஒரே கட்டத்துக்குள் லட்சக்கணக்கான நார்கள் செல்கின்றன. அவற்றின் சராசரியே நமக்குக் கிடைப்பது. வெண்பொருளின் கட்டங்களில் 60 முதல் 90 சதவிகிதம் வரை ஒன்றையொன்று குறுக்கிடும் நார்களைக் கொண்டவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குறுக்கிடும் இடத்தில் டென்ஸர் முறை தடுமாறி, இரண்டு பாதைகளுக்கும் நடுவே இல்லாத பாதை ஒன்றைக் காட்டிவிடும். பின்வந்த நுட்பமான கணித முறைகள் இக்குறையைத் தணித்தனவேயன்றிப் போக்கிவிடவில்லை. 2017-இல் வெளியான ஒரு பெரும் சோதனையில், உண்மையான பாதைகள் இன்னவையென்று முன்கூட்டியே தெரிந்த கற்பித மூளைப் படம் ஒன்றை 20 ஆராய்ச்சிக் குழுக்களிடம் கொடுத்து, பாதைகளை வரையச் சொன்னார்கள். உண்மைக் கற்றைகளிற் பெரும்பாலானவற்றை அவர்கள் ஓரளவேனும் கண்டுபிடித்தார்கள். ஆனால் இல்லாத கற்றைகளை அவற்றினும் மிகுதியாக வரைந்துவிட்டார்கள். அச்சோதனையை நடத்தியவர்களும் அதிற் பங்கேற்றவர்களும் இதே துறையினர். தம் துறையின் குறையைத் தாமே அளந்து உலகறிய வெளியிட்ட அந்த நேர்மை, அவர்கள் கண்ட எந்த உண்மைக்கும் குறைந்ததன்று.

இத்தனை எச்சரிக்கையோடு, நம் கரைக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் சங்குகுளித் தொழில் தொன்மையானது. 1914-இல் சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். மூச்சையடக்கி மூழ்கிய குளியாளிகளின் இடத்தில், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றை வாங்கிக்கொண்டு வெகுநேரம் அடியில் தங்குவோர் வந்துவிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தரைப் பாகம் ஆழம் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கூடிய அழுத்தத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் உடலில் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலேறினால் அது சுவாசத்தோடு வெளியேறிவிடும்; விரைந்து ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பொங்கும். 1878-இல் போல் பெர்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை நிறுவினார். 1908-இல் ஹால்டேனும் அவர் குழுவினரும், எத்தனை ஆழத்திலிருந்து எத்தனை தங்கலோடு ஏறவேண்டும் என்று அட்டவணை வகுத்தனர்.

நைட்ரஜன் நீரைவிடக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதியாகக் கரையும். மயலின் உறையோ கொழுப்பு நிறைந்தது. குமிழிகள் தண்டுவடத்தைத் தாக்கும்போது மிகுதியாகச் சிதைவது வெண்பொருளே என்பதற்குரிய காரணங்களுள் இது ஒன்று. தண்டுவடத்தின் இரத்தம் மெல்ல வடிவது மற்றொன்று.

கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த குளியாளி ஒருவரை நான் கண்டிருக்கிறேன். “ஐயா, மேலே வந்து வெத்தலை போட உக்காந்தேன், வயித்தைச் சுத்திக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருந்துச்சு, எந்திரிக்கப் பாத்தா காலு ரெண்டும் எம்பேச்சைக் கேக்கலை” என்று அவர் சொன்ன மூன்று வாக்கியங்களில் நோயின் முழு வரலாறும் அடங்கியிருந்தது. இயந்திர அறைக்குள் போகுமுன் இடுப்பிலிருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னபோது அவர் தயங்கினார். அவர் மனைவி அதனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகே உள்ளே போக இசைந்தார். உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை அரைமணிக்குமேல் நீடித்தது. படத்தில் தண்டுவடத்தின் பின்புற வெண்பொருளில், இயல்பாகக் கருமை சூழ வேண்டிய இடத்தில், ஒளிர்ந்த கீற்று ஒன்று நீளவாக்கில் தெரிந்தது. மறு அழுத்த அறையில் உடனே சேர்த்திருந்தால் மீட்சி இன்னும் நிறைவாக இருந்திருக்கக் கூடும். அவர் வந்து சேர்ந்ததோ நாட்கள் சென்ற பின். கோலூன்றி நடக்கும் அளவுக்கு அவர் தேறினார். கடலுக்குத் திரும்பவில்லை.

மூச்சடக்கி மூழ்குவோருக்கு இந்நோய் வராது என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. ஜப்பானில் ஆழ்ந்து, அடுத்தடுத்து மூழ்குகிற அமா என்னும் குளியாளிகளின் மூளையில் எம்.ஆர்.ஐ. காட்டிய சிதைவுகள் அதனைத் தளர்த்திவிட்டன. நம் சின்னப்பாலம் முதலிய ஊர்களில் பாசி எடுக்கும் பெண்கள் ஆழமற்ற நீரில் வேலை செய்பவர்கள். அவர்களை இது கொண்டு அச்சுறுத்துவது முறையன்று. கம்ப்ரசர் கட்டி ஆழம் போகிற ஆடவரைப் பற்றியே என் கவலை.

ஏர்வாடியைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் மூளையைப் பற்றிப் பேசி முடிப்பது தர்மமாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன், தர்காவை அடுத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் மாண்டார்கள். இறந்தோர் தொகை 28. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் கூடாதென்று தடுத்திருக்கிறது. அங்கே கட்டுண்டு கிடந்தவர்களிற் பலரைப் பீடித்தது போன்ற கொடிய மனநோய்களில் மூளையின் அமைப்பு எவ்வாறிருக்கிறது என்ற கேள்விக்கு, இந்தப் படமுறை ஒரு விடை தந்திருக்கிறது. 2018-இல், பல தேசங்களின் 29 ஆய்வுகளைச் சேர்த்து, மனச்சிதைவு நோயுற்றோர் 1,963 பேரையும் நோயற்றோர் 2,359 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், நோயுற்றோரின் வெண்பொருளில் நீர் ஒரே திக்கில் அலையும் ஒழுங்கு, மூளையின் பெரும்பாலான கற்றைகளில், சராசரியில் குறைந்திருந்தது. மருந்தின் விளைவா, நோயின் விளைவா என்ற ஐயம் இத்தகைய ஆய்வுகளில் எப்போதும் எழும். சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய சென்னை மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தோர், ஸ்காட்லாந்து மருத்துவர்களுடன் கூடி, மருந்தே உட்கொண்டிராத நோயாளிகளை எம்.ஆர்.ஐ. கொண்டு ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டது இந்த ஐயத்தை எதிர்கொள்ளவே. அவ்வாய்வு அளந்தது வெண்பொருளை அன்று, ஆழத்திலுள்ள சாம்பல்நிறக் கருக்களை. ஆயினும் மருந்துண்ணா நோயாளிகளை ஆராய்வதன் அவசியத்தை அது உணர்த்தியது.

சராசரி என்று சொன்னேன். அச்சொல்லின் கனத்தை உணர்ந்துகொள்ளும்படி வேண்டுகிறேன். இரு கூட்டத்தாரின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. தனி மனிதர் ஒருவரின் படத்தைப் பார்த்து, இவருக்கு மனச்சிதைவு உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. கட்டி, வீக்கம், பழைய காயம் முதலியன இல்லையென்று உறுதி செய்வதற்கே மருத்துவர் அங்கே படமெடுக்கச் சொல்கிறார். ஆனால் நிகழ்வது என்ன? கடன் வாங்கிப் படமெடுத்த குடும்பத்தார், “ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க ஐயா, அப்ப இது செய்வினைதானே?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டவன் மறக்க மாட்டான். இரண்டு மில்லிமீட்டர் கட்டத்துக்குள் தென்படாத நோய் நோயல்லவென்று அவர்களை நினைக்கச் செய்தது அவர்களுடைய அறியாமை அன்று; எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்பதை அறிக்கையைக் கையில் கொடுத்தவர் சொல்லாமல் விட்டதே. தர்காவில் வேண்டுதலோடு மருந்தும் சேரவேண்டும் என்று முயல்கின்ற மருத்துவர்களை நான் வணங்குகிறேன். அவர்களுக்குத் துணையாக வேண்டியது, ஒன்றும் தெரியாத படத்தின் பொருளைப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் ஒரு வாய்.

நம் நாட்டில் இத்துறை வளர்வது கண்டு மகிழ்கிறேன். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. அறிஞர்கள் 2019-இல் ஆடவர் 50 பேர், பெண்டிர் 50 பேர் ஆகியோரின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு இந்திய மூளைக்கென ஒரு வரைபடம் சமைத்து, மேலை நாட்டார் வழங்கும் அளவுகோலைவிட நம்மவர் மூளை சராசரியில் சிறியதென்றும், அந்த அளவுகோலை அப்படியே நம்மவருக்குப் பொருத்தினால் பிழை நேருமென்றும் காட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருப்பருவத்துச் சிசுக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களை அணு அணுவாகக் காணும் நுட்பத்தில் படமாக்கி, தாரணி என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாக வழங்கியிருக்கிறது. நீரின் அலைவிலிருந்து நாம் அனுமானித்த பாதைகளை, இத்தகைய நேர்முகக் காட்சியோடு ஒத்திட்டுப் பார்த்தால்தான் அவற்றுள் மெய் எது, மயக்கம் எது என்று பிரியும்.

2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கால் மரத்ததென்று குளியாளி ஒருவர் உங்களிடம் வந்தால், ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுமுன், எத்தனை பாகம் இறங்கினார், எத்தனை முறை இறங்கினார், ஒவ்வொரு முறையும் அடியில் எவ்வளவு நேரம் இருந்தார், மேலேற எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், கம்ப்ரசரா மூச்சடக்கியா, ஏறிய எத்தனை நாழிகைக்குப் பின் முதல் உணர்ச்சி மாறுதல் தோன்றியது என்பவற்றை அவர் வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பையும் படத்தையும் ஒரே உறையில் இட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து அவரை மீண்டும் வரவழைத்து, இரண்டாவது படத்தையும் அதே உறையில் சேருங்கள்.